உளுத்த கட்டையைக் கடையலாமா?

ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப்ல கார்பென்டரி செக்‌ஷன் ஞாபகம் இருக்கா? ஹாஃப் லேப் ஜாயின்ட், டி ஜாயின்ட் போட்டு, ரெக்கார்டுல கையெழுத்து வாங்கிட்டு ஓடி வந்திருப்போம். அந்த ரூம் மூலையில ஒரு மர லேத் இருக்கும். பல பேர் அதைத் தொட்டே இருக்க மாட்டீங்க. தொட்டவங்களுக்கு மட்டும் அதோட ருசி தெரியும். பம்பரம், பேனா ஸ்டாண்டு, சின்னக் கிண்ணம்னு ஒண்ணு கடைஞ்சு முடிச்சா, அடுத்த கட்டை எங்க கிடைக்கும்னுதான் கண்ணு தேடும்.

நம்மள மாதிரி ஸ்டூடண்ட்ஸுக்குக் கட்டை எங்க கிடைக்கும்? காத்துல விழுந்த வேம்பு, கரண்ட் கம்பியில உரசுதுன்னு வெட்டின வாகை, யாரோ வீட்டுத் தோட்டத்துல சாய்ச்ச மாமரம். எல்லாம் காசில்லாம வர்ற கட்டை. அதோட கூடவே காசில்லாம வர்ற இன்னொண்ணு, பூச்சி. ரெண்டு மாசம் ராக்ல வச்சுட்டு எடுத்துப் பார்த்தா ஊசி குத்தின மாதிரி துளை, கீழே வெள்ளையா மாவு. ‘உளுத்துப் போச்சு’ன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்றது இதைத்தான்.

இந்த நேரத்துல எல்லாரும் செய்றது, துளையில ஏதாவது மருந்தை ஊத்துறது. இந்தக் கட்டுரை சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: துளையைப் பார்க்காதீங்க, நடுவைப் பாருங்க. கட்டையோட நட்ட நடுப்பகுதி எவ்வளவு டிகிரிக்குப் போச்சு, அங்க எவ்வளவு நேரம் நின்னுச்சு, இதுதான் கேள்வி. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

துளை சொல்ற கதை

நம்ம ஊர்ல கடைசல் கட்டையில அதிகமா மாட்டுறது லிக்டஸ் இனத்து வண்டு. செம்பழுப்பு நிறம், 3-லேர்ந்து 6 மில்லிமீட்டர் நீளம், தட்டையான உடம்பு. தாய் வண்டு மரத்தைக் குடைஞ்சுக்கிட்டு உள்ளே போறதில்லை. மரத்துல தண்ணி ஏறுற நுண்குழாய்கள் இருக்குல்ல, வெட்டின முகத்துல அதோட வாய் திறந்திருக்கும். அதுக்குள்ள முட்டையை விட்டுட்டுப் போயிடும். அதுக்கு முன்னாடி மரத்தை லேசாக் கடிச்சுப் பார்க்கும். மாவுச்சத்து இருக்கான்னு டேஸ்ட் டெஸ்ட்! இருந்தாத்தான் முட்டை.

முட்டையிலேர்ந்து வர்ற புழுதான் உள்ளே மாசக்கணக்குல தின்னுக்கிட்டே போகும். வெளியில ஒரு அடையாளமும் தெரியாது. வளர்ந்து வண்டானதும் 1-லேர்ந்து 2 மில்லிமீட்டர் அகலத்துல துளை போட்டுக்கிட்டு வெளியே வரும். அப்போ நாம பார்க்கிற துளை, பூச்சி உள்ளே போன வாசல் இல்லை, வெளியே போன வாசல். அதுல மருந்து ஊத்துறது, காலி பண்ணிட்டுப் போன வீட்டுக்குப் பூட்டுப் போடுற மாதிரி. பக்கத்து அறையில இன்னும் துளை போடாத புழுக்கள் நிம்மதியாச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்.

எல்லாப் பூச்சியும் இதே மாதிரின்னும் சொல்ல முடியாது. அதனால முதல்ல விருந்தாளி யாருன்னு கண்டுபிடிங்க. கீழே கொட்டுற தூளே காட்டிக் குடுத்துடும்.

மைதா மாதிரி, முகப்பவுடர் மாதிரி வழவழன்னு இருந்தா லிக்டஸ்.

துளை 3 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்து, தூள் உள்ளேயே இறுகிப் போய்க் கட்டி தட்டியிருந்தா, பெரும்பாலும் சைனோக்ஸைலான் வகை வண்டு. இதுல வளர்ந்த வண்டே குடைஞ்சு உள்ளே போகும். புதுசா வெட்டின கட்டையிலயே ஆரம்பிச்சுடும். ரப்பர் மரத்துக்குப் பெரிய எதிரி.

துளை சின்னதா, சுவர் கறுப்பா, உள்ளே தூளே இல்லாம இருந்தா அம்ப்ரோசியா வண்டு. இது மரத்தைத் தின்கிறதில்லை. குடைஞ்ச சுரங்கத்துல பூஞ்சையை வளர்த்து அதைத் தின்னும், அதாவது உள்ளே விவசாயம் பண்ணும். ஈரம் போனா பூஞ்சை காயும், அதோட இதுவும் முடிஞ்சுது. காய்ஞ்ச கட்டையில இந்தக் கறுப்புத் துளையைப் பார்த்தா பயப்பட வேண்டாம். அது பழைய கதை.

முட்டை வடிவத்துல பெரிய துளை, துருவின தேங்காய் மாதிரி நார்நாராத் தூள்னா நீளக்கொம்பு வண்டு.

கசகசா மாதிரி குட்டிக் குட்டி உருண்டையா, ஒரே அளவுல கொட்டினா அது வண்டே இல்லை, உலர்மரக் கரையான். லென்ஸ் வச்சுப் பார்த்தா ஒவ்வொரு உருண்டைக்கும் ஆறு பக்கம் தெரியும்.

வைரம், வெளிறு

‘வைரம் பாஞ்ச கட்டை’ன்னு ஊர்ல சொல்வாங்க. அந்தச் சொல்லுக்குப் பின்னாடி முழு அறிவியல் இருக்கு. மரத்தோட நடுவுல கருத்து இறுகின பகுதி வைரம். அதைச் சுத்தி வெளுப்பா இருக்கிறது வெளிறு. மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது வெளிறுலதான். லிக்டஸுக்கு வேணும்கிறது அந்த மாவுச்சத்து, அதனால அது வெளிறை மட்டும்தான் தின்னும். தேக்குன்னாலும் சரி, வேம்புன்னாலும் சரி, பேரைக் கேட்டுட்டு வெளிறை நம்பாதீங்க. ‘வேப்பமரத்தைப் பூச்சி தொடாது’ங்கிறதெல்லாம் வைரத்துக்குத்தான் கொஞ்சம் பொருந்தும். மாமரம், ரப்பர் மரம் ரெண்டும் பூச்சிக்குக் கல்யாணச் சாப்பாடு.

பைன் மரத்துல லிக்டஸ் வராது. ஏன்னா அதுல முட்டை விடுற அளவுக்கு நுண்குழாயே கிடையாது.

இது தெரிஞ்சா கட்டையைக் காப்பாத்தலாம். எங்க ஒர்க்‌ஷாப்ல ஒரு செமஸ்டர் லீவு முடிஞ்சு வந்து பார்த்தப்போ, ஒரு ராக் முழுக்க மாவா கொட்டியிருந்துச்சு. “மொத்தத்தையும் அடுப்புக்கு அனுப்பிடுங்கப்பா, பக்கத்து ராக்குக்குப் பரவிடும்”னு கார்பென்டரி அண்ணன் சொல்லிட்டாரு. பரவும்னு அவர் பயந்தது நூத்துக்கு நூறு சரி. ஆனா ஒவ்வொரு கட்டையாத் திருப்பிப் பார்த்தப்போ, துளை எல்லாமே வெளிறு ஓரத்துல மட்டும்தான் இருந்துச்சு. “அண்ணே, இந்த ஓரத்தை மட்டும் சீவிட்டா?”ன்னு கேட்டோம். அவரே பேண்ட் சாவுல போட்டு வெளிறைச் சீவிக் குடுத்தாரு. பாதிக்கு மேல தப்பிச்சிது. மருந்து ஒரு சொட்டு கூடச் செலவாகலை. சீவின துண்டு மட்டும் அன்னைக்கே எரிஞ்சுது. அதை மூலையில குவிச்சு வச்சிருந்தா சீவினதுக்கே அர்த்தம் இல்லை.

அதனால முதல் சிகிச்சை ரம்பம். வெளிறு இல்லாம வேலை முடியும்னா, முதல்ல அதை வெட்டி எறிங்க.

உள்ளே இன்னும் ஆள் இருக்கா?

ஒரு சின்ன சோதனை. பழைய தூளைப் பிரஷ்ஷால தட்டி, வேக்குவம் போட்டுச் சுத்தமா எடுங்க. இருக்கிற துளையையெல்லாம் பென்சிலால வட்டம் போட்டு, மேல மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. கறுப்புச் சார்ட் பேப்பர் மேல கட்டையை வச்சு, பாலிதீன் கவர்ல போட்டுக் கட்டி, ரெண்டு மூணு வாரம் யாரும் தட்டாத இடத்துல விடுங்க. வெளிர் நிறத்துல புதுத் தூள், புதுத் துளை, டேப்புல ஓட்டை, இதுல ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா உள்ளே ஆள் இருக்கு.

ஒண்ணும் தெரியலைன்னா? உள்ளே யாருமே இல்லைன்னு அர்த்தம் இல்லை. புழு பருவத்துல இருந்தா வெளியில எதுவுமே தெரியாது. அதனால இந்தச் சோதனை ‘இருக்கு’ன்னு சொன்னா நம்புங்க, ‘இல்லை’ன்னு சொன்னா நம்பாதீங்க. சந்தேகப்பட்ட கட்டை எல்லாத்துக்கும் சிகிச்சை குடுத்துடுறதுதான் நல்லது.

‘நல்லாக் காய வச்சா செத்துடாதா?’ன்னு கேப்பீங்க. அம்ப்ரோசியா சாகும், லிக்டஸ் சாகாது. சென்னை மாதிரி ஊர்ல காத்தோட ஈரத்துக்கு ஏத்த மாதிரி மரத்துக்குள்ள 12, 14 சதவீத ஈரம் எப்பவுமே நிக்கும். அது லிக்டஸுக்குத் தாராளம். எத்தனை வருஷம் நிழல்ல காயப்போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

56 டிகிரி, 30 நிமிஷம்

1996-ல நியூயார்க் நகரத்துல சாலையோர மரங்கள்ல ஆசிய நீளக்கொம்பு வண்டைக் கண்டுபிடிச்சாங்க. ஆசியாவுலேர்ந்து சரக்கு வந்த மரப்பெட்டிக்குள்ள ஒளிஞ்சு கப்பல் ஏறி வந்த பூச்சி அது. அதைக் கட்டுப்படுத்த ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாப் போச்சு. இந்த மாதிரிப் பிரச்சினைகளுக்குப் பதிலா 2002-ல வந்ததுதான் ஐஎஸ்பிஎம் 15-ங்கிற சர்வதேச விதி. நாடு விட்டு நாடு போற மரப்பெட்டி, பேலட்டுக்கு அதுல சொல்ற சூட்டு முறைப்படி, மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் குறைஞ்சது 56 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, 30 நிமிஷம் தொடர்ந்து அதே சூட்டுல வைக்கணும். அப்படிச் செஞ்ச பேலட்ல கோதுமைக் கதிர் படத்தோட ‘எச்டி’ன்னு முத்திரை இருக்கும். அடுத்த தடவை குடோன் பக்கம் போனா தேடிப் பாருங்க.

கவனிக்க வேண்டிய வார்த்தை ‘நடுப்பகுதி’. அவன்ல 70 டிகிரி காட்டுறதும் கட்டை நடுவுல 56 டிகிரி இருக்கிறதும் ஒண்ணு கிடையாது. மரம் ஒரு நல்ல இன்சுலேட்டர். அதனாலதானே தோசைக்கரண்டிக்கு மரக்கைப்பிடி போடுறோம்?

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரை அரியர் இல்லாம தாண்டினவங்க இப்போ கையைத் தூக்கலாம். ஹைஸ்லர் சார்ட் ஞாபகம் இருக்கா? அதை எதுக்குப் படிச்சோம்னு தெரியாதவங்களுக்கு, இதுக்குத்தான்.

காய்ஞ்ச மரத்தோட வெப்ப விரவல் திறன் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 0.15 சதுர மில்லிமீட்டர். வெப்பம் நடுவுக்குப் போற நேரம், பாதித் தடிமனோட வர்க்கத்தை இதால வகுத்தா வர்ற எண்ணைப் பொறுத்தது. 75 மில்லிமீட்டர் சதுரக் கட்டையில பாதித் தடிமன் 37.5. வர்க்கம் 1406. அதை 0.15-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 9,400 வினாடி. இது அடிப்படை அளவுதான். அவன் 70, அறை 30, இலக்கு 56-ன்னு எடுத்து, காத்து கட்டைக்குச் சூடு குடுக்கிற வேகத்தையும் (பயோட் எண் 2.5) சேர்த்துப் போட்டா வர்ற விடை இது:

25 மில்லிமீட்டர் பேனாக் கட்டை: 20 நிமிஷத்துக்குள்ள.

75 மில்லிமீட்டர் கட்டை: சுமார் ஒன்றரை மணி நேரம்.

150 மில்லிமீட்டர் கட்டை: சுமார் நாலரை மணி நேரம்.

இதெல்லாம் நடு 56-ஐத் தொடுற நேரம் மட்டும்தான். அதுக்கு மேல 30 நிமிஷம் நிறுத்தணும். ஈரக்கட்டைன்னா நேரம் இன்னும் ஏறும், ஏன்னா சூட்டோட ஒரு பங்கு தண்ணியை ஆவியாக்கவே போயிடும். ‘பயமா இருக்கு, அவனை 60-லயே வைக்கிறேன்’னா அதே 75 மில்லிமீட்டர் கட்டைக்குக் கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம் ஆகும். இலக்குக்கும் அவனுக்கும் இடைவெளி குறையக் குறைய சூடு ஆமை வேகத்துலதான் நகரும்.

கணக்கை நம்புங்க, ஆனா அளந்து பாருங்க. அதே மரத்துல, அதே அளவுல ஒரு உதவாத துண்டை எடுத்து, நடு வரைக்கும் 3 மில்லிமீட்டர் துளை போட்டு, கே டைப் தெர்மோகப்பிளைச் செருகி, வாயை மாவு வச்சு அடைச்சு, நல்ல கட்டைகளோட சேர்த்து உள்ளே வைங்க. ஆர்டுயினோவும் மேக்ஸ் 6675 மாட்யூலும் போதும், ஈசிஇ பசங்ககிட்ட கேட்டா டிராயர்லேர்ந்து எடுத்துக் குடுப்பாங்க. சென்சார் ரெண்டு மூணு டிகிரி முன்னே பின்னே காட்டும். அதனால திரையில 60-ஐப் பார்த்த பிறகு 30 நிமிஷத்தை எண்ண ஆரம்பிங்க.

எதுல சூடாக்குறது?

லேப் அவன். சிவில் டிபார்ட்மென்ட் சாயில் லேப்ல மண்ணோட ஈரம் பார்க்க ஒரு ஹாட் ஏர் அவன் இருக்கும். அது வழக்கமா 105-லேர்ந்து 110 டிகிரியில ஓடும். நமக்கு 70 போதும். லேப் அசிஸ்டன்ட் அண்ணன்கிட்ட கேட்டுட்டு, டெஸ்ட் இல்லாத நாள்ல வைங்க. 105-ல வச்சா பூச்சி சாகும், கூடவே கட்டையும் வெடிக்கும். ரெண்டு முனையிலயும் மெழுகு தடவி, அலுமினியம் ஃபாயில்ல சுத்தி வச்சா ஈரம் படக்குன்னு வெளியேறாது, விரிசலும் குறையும். வெளியே எடுத்ததும் ஃபேனுக்கு அடியில வைக்காதீங்க, சுத்தினபடியே மெல்ல ஆறட்டும்.

கொதிதண்ணி. பச்சைக் கட்டையில கிண்ணம் கடையப் போறீங்கன்னா இதுதான் சூப்பர் வழி. முதல்ல சுவர் 25 மில்லிமீட்டர் தடிமன் வர்ற மாதிரி கரடுமுரடாக் கடைஞ்சுக்கோங்க. அப்புறம் ஒரு மணி நேரம் தண்ணியில கொதிக்க விடுங்க. உலகம் முழுக்கக் கடைசல்காரங்க விரிசல் விடாம இருக்க இப்படிக் கொதிக்க வைக்கிறது உண்டு, நமக்குப் பூச்சியும் சேர்ந்து போகும். மேல சொன்ன வர்க்கக் கணக்கு இங்கதான் கை குடுக்குது. தடிமனைக் குறைச்சா நேரம் பல மடங்கு குறையுது. தண்ணி காத்தை விட வேகமாச் சூடு குடுக்கும், அதனால 25 மில்லிமீட்டர் சுவரோட நடு சில நிமிஷத்துலயே 56-ஐத் தாண்டிடும். பாத்திரம் மட்டும் சமையலுக்கு எடுக்காத தனிப் பாத்திரமா இருக்கட்டும். நிறம் கொஞ்சம் இறங்கும், பரவாயில்லைன்னா செய்யலாம்.

வெயில். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்குக் கரண்ட் பில் கிடையாது. உள்ளே கறுப்பு அடிச்சு, மேல கண்ணாடி மூடின பாக்ஸ் டைப் சோலார் குக்கர் நல்ல வெயில்ல 80 டிகிரியைச் சுலபமாத் தாண்டும். சின்னக் கட்டைகளுக்கு அருமையான வழி. சும்மா மொட்டைமாடித் தரையில போடுறது போதாது. காத்து அடிச்சுச் சூட்டை எடுத்துட்டுப் போயிடும், நடு 56-ஐத் தொடாது. இங்கயும் தெர்மோகப்பிள்தான் நீதிபதி.

ஃப்ரீசர். கடைஞ்சு முடிச்சு அரக்கோ வார்னிஷோ பூசின பொருள்ல பூச்சி தெரிஞ்சா சூடாக்க முடியாது, பூச்சு கெட்டுடும். அப்போ எதிர்த்திசையில போகணும். காத்து புகாத கவர்ல போட்டு, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே ரெண்டு வாரம் டீப் ஃப்ரீசர்ல வைங்க. மியூசியங்கள்லயும் மரப்பொருளை இப்படிக் குளிர வச்சுத்தான் பூச்சி எடுக்கிறாங்க. வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காதீங்க. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிச்சா மரத்து மேல தண்ணி கோர்க்காது.

மைக்ரோவேவ். வேண்டாம். சூடு ஒரே சீராப் பரவாது. வெளியே தொட்டா வெதுவெதுன்னு இருக்கும், உள்ளே கருகி, சில நேரம் தீயே பிடிச்சுடும். ஹாஸ்டல் மைக்ரோவேவ்ல வச்சா வார்டனுக்கும் பதில் சொல்லணும்.

மருந்து விஷயத்துல கொஞ்சம் நில்லுங்க

மண்ணெண்ணெய், கரையான் மருந்து, சிரிஞ்சு, இதையெல்லாம் ஊர்ல நிறைய பேர் சொல்வாங்க. கதவு நிலைக்கும் கட்டிலுக்கும் என்ன செய்றாங்கங்கிறது வேற விஷயம். கடைசல் கட்டைக்கு ஒரு தனி ஆபத்து இருக்கு. நாம அதைத் தூளாக்கப் போறோம். மரத்துக்குள்ள போன மருந்து லேத்துல தூசியாப் பறந்து நேரா நம்ம நுரையீரலுக்கு வரும். மிச்சம் இருக்கிறது பொம்மையா ஒரு குழந்தையோட வாய்க்குப் போகும். மண்ணெண்ணெய் மேல் தோலோட நின்னுடும், நடுவுக்குப் போகாது. கூடவே, சாண்ட் பேப்பர் போடும்போது தீப்பிடிக்கிற வாய்ப்பையும் கொண்டு வரும்.

வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் உண்மையிலேயே வேலை செய்யும். கன்னியாகுமரிப் பக்கம் பார்க்கிற ரப்பர் மரத்தை, பால் வடிஞ்சு ஓய்ஞ்ச பிறகு வெட்டி, இந்தக் கரைசலை அழுத்தம் குடுத்து உள்ளே ஏத்தித்தான் ஃபர்னிச்சருக்கு அனுப்புறாங்க. ஆனா பிரஷ்ல தடவினா காய்ஞ்ச மரத்துல ஆழமாப் போகாது. ஈரம் பட்டா கரைஞ்சு வெளியே வரும். அதனால சாப்பாட்டுக் கிண்ணம், குழந்தைப் பொம்மை ரெண்டுக்கும் இது வேண்டாம்.

இன்னொண்ணு, இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. அரிசி மூட்டைக்கு நடுவுல வைக்கிற பூச்சி மாத்திரை, அதாவது அலுமினியம் பாஸ்பைடு, அதைக் கட்டையோட கவர்ல போட்டுக் கட்டினா போதும்னு யாராவது ஐடியா குடுத்தா, அங்கேயே நிறுத்துங்க. அதுலேர்ந்து வர்ற பாஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும். அதுக்கு மாற்று மருந்தே கிடையாது. அனுமதியும் பயிற்சியும் உள்ளவங்க மட்டும் கையாள வேண்டிய பொருள் அது. ஹாஸ்டல் ரூம்ல கட்டிலுக்கு அடியில வைக்கிற பொருள் இல்லை. ஒரு பேனா ஸ்டாண்டுக்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்.

லேத்துல மாட்டுறதுக்கு முன்னாடி

பூச்சி செத்துடுச்சு, சரி. ஆனா அது தின்ன இடம் திரும்பி வராது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டை நிமிஷத்துக்கு 1000 சுத்து சுத்தினா, அதோட விளிம்பு மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்துல ஓடுது. பைக் வேகம்! 1500 சுத்துக்கு ஏத்தினா வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனா மரத்தைப் பிய்க்கிற விசை ரெண்டேகால் மடங்கு. உள்ளே பஞ்சு மாதிரி ஆயிட்ட கட்டை அந்த வேகத்துல தெறிச்சா, அது முகத்தைத் தேடித்தான் வரும்.

அதனால மூணு சோதனை. சுத்தியல் பிடியால தட்டுங்க. ‘டங்’னு கேட்டா சரி, ‘பொத்’னு கேட்டா அது அடுப்புக்கு. கட்டை விரல் நகத்தால வெளிறை அழுத்துங்க. பள்ளம் விழுந்தா அதுவும் அடுப்புக்கு. சின்னச் சின்னத் துளை மட்டும்னா, நீர்த்த சூப்பர் குளூவை உள்ளே இறங்க விட்டு ஒரு நாள் ஆற வச்சுட்டு மாட்டுங்க. முகத்துக்கு ஷீல்டு, மூக்குக்கு மாஸ்க், ஆரம்பத்துல குறைஞ்ச வேகம். மோட்டாரை ஆன் பண்றப்போ கட்டைக்கு நேரா நிக்காம பக்கவாட்டுல நில்லுங்க.

துளைகளை ஒளிக்கணும்னு அவசியமும் இல்லை. எபாக்ஸியில காப்பித்தூள் கலந்து அடைச்சா கருப்புப் புள்ளியா ஒரு டிசைன் மாதிரி நிக்கும். அம்ப்ரோசியா துளைகள் சுத்திப் படிஞ்ச கறையோட இருக்கிற கட்டையை வெளிநாட்டுல தேடி வாங்குறவங்களே இருக்காங்க.

மறுபடி வராம இருக்க

சூடு பண்ணா உள்ளே இருக்கிறது சாகும். ஆனா மாவுச்சத்து அங்கேயேதான் இருக்கும். நாளைக்கே வேற ஒரு தாய் வண்டு வந்து கடிச்சுப் பார்த்துட்டு முட்டை வச்சுட்டுப் போகலாம். எச்டி முத்திரை போட்ட பேலட்டுக்கும் இதே கதைதான். சூடு ஒரு சிகிச்சை, தடுப்பூசி இல்லை.

தடுப்பு எதுன்னா, நுண்குழாய்களோட வாயை அடைக்கிறது. கடைஞ்சு முடிச்ச உடனே அரக்கு, வார்னிஷ், மெழுகு எதையாவது எல்லாப் பக்கமும் பூசணும். எல்லாப் பக்கமும்னா அடிப்பாகமும், பேனா ஸ்டாண்டோட உள்பக்கமும் சேர்த்து. கண்ணுக்குத் தெரியிற பக்கம் மட்டும் பளபளன்னு பூசிட்டு அடியை விட்டுட்டா, வண்டுக்கு அதுவே வாசல். அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானைப் பார்த்திருப்பீங்க. சுத்துற மரத்து மேல அரக்கை அழுத்தினா உரசுற சூட்டுலயே உருகி ஒட்டிக்கும். அழகுக்காகன்னு நாம நினைக்கிற அந்த அரக்கு, மரத்தோட வாயை அடைக்கிற வேலையையும் சேர்த்தே செய்யுது.

கடையாத கட்டைக்கு: வெட்டின உடனே பட்டையை உரிச்சுடுங்க, முனைக்கு மெழுகு வைங்க, தரையில போடாம அடுக்குங்க, வாங்கின தேதியை எழுதுங்க. புதுசா வர்ற கட்டையைப் பழைய ராக்ல நேரா வைக்காம ரெண்டு மாசம் தனியா வைங்க. நம்ம ஊர்ல மூங்கிலையும் மரத்தையும் குளத்துல வாரக்கணக்குல ஊறப்போடுற பழக்கம் ஒண்ணு உண்டு. வெட்டிவேலை இல்லை அது. ஊறும்போது மாவுச்சத்து குறைஞ்சுபோகும், சாப்பாடு இல்லாத வீட்டுக்குப் பூச்சியும் வராது.

மொத்தத்தையும் சுருக்கினா: தூளைப் பார்த்து ஆளைக் கண்டுபிடி. வெளிறைச் சீவு. நடுவை 56-க்கு மேல கொண்டு போய் 30 நிமிஷம் நிறுத்து. தட்டிப் பார்த்து மாட்டு. எல்லாப் பக்கமும் பூசு.

நாம கடையிறது பெரும்பாலும் நம்ம கையில தங்குறதில்லை. ஃபேர்வெல்லுக்கு சீனியருக்கு, பிறந்தநாளுக்கு ஃப்ரெண்டுக்கு, ஊருக்குப் போறப்போ அக்கா குழந்தைக்குன்னு போயிடும். அங்க ஆறு மாசம் கழிச்சு அலமாரியில மாவு கொட்டினா, போறது ஒரு பேனா ஸ்டாண்டு மட்டும் இல்லை, பக்கத்துல இருக்கிற ஜன்னல் சட்டமும் சேர்ந்துதான். அந்தக் கட்டையோட நடுவுல 56 டிகிரி ஏறிச்சுன்னு அளந்து பார்த்துட்டுக் குடுங்க. சந்தேகம் இருந்தா சாயங்காலம் ஒர்க்‌ஷாப் பக்கம் வாங்க, தெர்மோகப்பிள் ஒண்ணு எப்பவும் ரெடியா இருக்கும்.